டர்ட் பைக்குக்கு ஸ்பிராக்கெட் மாற்றுவது எப்படி: பல் எண்ணுவதில் தொடங்கி முதல் ஓட்டம் வரை

செயின் தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். மாற்றுவதே மாற்றுகிறோம், செயின் ஓடும் பல் சக்கரமான ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டலாமா குறைக்கலாமா என்ற யோசனை உடனே வரும். ஒருவர் முன்னால் ஒன்று குறை என்பார். இன்னொருவர் பின்னால் மூன்று ஏற்று என்பார். கடைக்காரர் கம்பெனி செட்டையே, அதாவது செயினும் முன், பின் ஸ்பிராக்கெட்டும் சேர்ந்ததையே போடச் சொல்வார். மூவரும் சொல்வது அவரவர் வண்டிக்கும் அவரவர் ஓட்டும் இடத்துக்கும் சரியாகத்தான் இருக்கும். உங்கள் வண்டிக்குச் சரியா என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் வரிசையாகச் சொல்லாததால் நான் கடை கடையாக அலைந்து, மெக்கானிக்குகளைத் துளைத்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி தார்ச்சாலையிலும் மண்ணிலும் ஓடும் வண்டி வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மண் தடத்தில் பந்தயம் ஓடும் மோட்டோகிராஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

கம்பெனி கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை நம்பி ஆர்டர் போடாதீர்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உங்களுக்கு முன் வைத்திருந்தவர் ஒரு பல் மாற்றிப் போட்டிருந்தால் வெளியே பார்த்து எதுவும் தெரியாது. ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே ஆண்டுக்கு ஆண்டு கம்பெனி பல் எண்ணிக்கையை மாற்றுவதும் உண்டு.

பின் ஸ்பிராக்கெட்டை மண் போகத் துடைத்தால் பெரும்பாலும் எண் பொறித்திருப்பது தெரியும். முன் ஸ்பிராக்கெட்டைப் பார்க்க என்ஜின் பக்கக் கவரைக் கழற்ற வேண்டும், இரண்டு மூன்று போல்ட்தான். எண் அழிந்திருந்தால் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே எண்ணுங்கள். அப்படியே செயினின் பக்கத் தகட்டில் 428 அல்லது 520 என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை கண்ணி என்பதையும் எண்ணிவிடுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்தால் கடையில் வாய்ப்பேச்சு பாதி குறையும்.

2. கணக்கு இவ்வளவுதான்

பின் பல் எண்ணிக்கையை முன் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது விகிதம். இந்த எண் பெரிதாக ஆக இழுவை கூடும், ஒவ்வொரு கியரிலும் எட்டக்கூடிய வேகம் குறையும். எண் சிறிதானால் நேர்மாறு.

நாலு வண்டிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹிமாலயன் 411 கம்பெனியிலிருந்து 15/38 என்று, அதாவது முன்னால் 15 பல், பின்னால் 38 பல் என்று வந்தது, விகிதம் 2.53. ஹோண்டா சி.ஆர்.எஃப். 250எல் 14/40, அதாவது 2.86. சுசுகி டி.ஆர்.இசட். 400எஸ் 15/44, அதாவது 2.93. யமஹாவின் மோட்டோகிராஸ் வண்டியான ஒய்.இசட். 250எஃப் 13/50, அதாவது 3.85. சாலையில் நீண்ட தூரம் போக வேண்டிய வண்டியிலிருந்து தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு வர வர எண் ஏறுவது தெரிகிறதா? என்ஜினுக்கு உள்ளே இருக்கும் கியர்களும் வண்டிக்கு வண்டி வேறு. அதனால் "அந்த வண்டியில் 3.85, நானும் அதையே போடுகிறேன்" என்று கிளம்ப முடியாது. உங்கள் வண்டியின் விகிதத்தை உங்கள் வண்டியின் பழைய விகிதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மாற்றத்தைச் சதவீதத்தில் பார்ப்பது நல்ல பழக்கம். ஹிமாலயனில் முன்னால் 15ஐ 14 ஆக்கினால் விகிதம் 2.71, அதாவது சுமார் 7 சதவீதம் கூடுகிறது. 80 கி.மீ. வேகத்தில் என்ஜின் முன்பு 5,000 சுற்று சுற்றியிருந்தால் இனி அதே வேகத்துக்கு ஏறத்தாழ 5,360 சுற்று சுற்றும். மண்ணில் அது வரம். நாற்கரச் சாலையில் திருச்சி வரை போனால் கை நடுக்கமும் பெட்ரோல் செலவும் சேர்ந்து வரும்.

டயரும் இந்தக் கணக்குக்குள் வரும். சுற்றளவு 3 சதவீதம் கூடிய டயர் போட்டால் இழுவை 3 சதவீதம் குறைந்தது போலாகும். பெரிய பட்டன் டயர் போட்ட பிறகு "வண்டி மந்தமாகிவிட்டது" என்று சொல்பவர்கள் கார்பரேட்டரைத் திறப்பதற்கு முன் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

3. எந்த இடத்தில், எந்த கியரில் தடுமாறுகிறது?

முழு வேலையிலும் முக்கியமான படி இதுதான். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஸ்பிராக்கெட் மாற்றினால் எல்லா கியரும் ஒரே சதவீதத்தில் மாறும். ஒரு கியரை மட்டும் சரிசெய்ய அதனால் முடியாது. ஆகவே வழக்கமாக நீங்கள் ஓட்டும் இடத்துக்குப் போய், வண்டியை ஓட்டிக்கொண்டே கவனியுங்கள்.

மேடு ஏறும்போது முதல் கியரிலேயே கிளட்சைப் பாதி பிடித்து என்ஜினைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதா? வளைவில் இரண்டாவது கியரில் என்ஜின் திணறி, முதலாவதுக்கு இறக்கினால் கத்துகிறதா? கல்லும் பாறையும் உள்ள இடத்தில் நடைவேகத்தில் போக முடியாமல் வண்டி உங்களை இழுத்துக்கொண்டு ஓடுகிறதா? இவற்றில் ஏதாவது ஒன்று ஆம் என்றால் விகிதத்தைக் கூட்ட வேண்டும்.

முதல் கியர் போட்ட உடனே தீர்ந்துபோகிறது, இரண்டாவதிலேயே வண்டியைக் கிளப்ப முடிகிறது, நேர்ச்சாலையில் கடைசி கியரிலும் என்ஜின் கதறுகிறது என்றால் குறைக்க வேண்டும்.

இரண்டும் இல்லை, "பிக்கப் கொஞ்சம் கூடினால் நன்றாக இருக்கும்" என்று மட்டும்தான் தோன்றுகிறது என்றால், என் கருத்து, மாற்றாதீர்கள். தேய்ந்ததை அதே எண்ணிலேயே மாற்றுங்கள். ஏர் ஃபில்டர், டயர் காற்று, கிளட்ச் தட்டு ஆகியவற்றைப் பார்த்த பிறகும் குறை இருந்தால் அப்போது இந்தப் பக்கம் வரலாம். வழுக்கும் கிளட்சோடு ஸ்பிராக்கெட் மாற்றினால் இரண்டு செலவாகும், குறை அப்படியே இருக்கும்.

மணலுக்கும் சேற்றுக்கும் தனியாக ஒரு வார்த்தை. மணல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், என்ஜினுக்குச் சுமை எப்போதும் அதிகம். கடினமான தரையில் சரியாக இருந்த விகிதம் மணலில் ஒரு கியர் உயரமாகத் தெரியும். வெவ்வேறு இடத்தில் ஓட்டுபவர்கள் அதிக நேரம் செலவழிக்கும் தரையை வைத்து முடிவெடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போகும் இடத்தை வைத்து முடிவெடுத்தால் மீதி நாளெல்லாம் சிரமம்.

4. முன்னால் மாற்றுவதா, பின்னால் மாற்றுவதா?

முன்னால் ஒரு பல் என்பது பின்னால் ஏறத்தாழ மூன்று பல்லுக்குச் சமம். டி.ஆர்.இசட். வண்டியில் 14/44 என்றால் 3.14, 15/47 என்றால் 3.13. சி.ஆர்.எஃப். வண்டியில் 13/40 என்றால் 3.08, 14/43 என்றால் 3.07. கையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் முன்னால் மாற்ற ஆகும் செலவு சில நூறு ரூபாய், பின்னால் மாற்றினால் அதைப்போல் பல மடங்கு.

அதனால் முதல் சோதனையை எப்போதும் முன்னால் செய்யுங்கள். ஒரு பல் குறைத்துப் போட்டு உங்கள் இடத்தில் ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் விடலாம். கொஞ்சம் அதிகமாகிவிட்டது, பாதி போதும் என்று தோன்றினால் முன்னால் பழையதைப் போட்டுவிட்டு, அடுத்த முறை செட் மாற்றும்போது பின்னால் ஒன்றோ இரண்டோ கூட்டுங்கள். பின்னால் ஒரு பல் என்பது 40 பல்லுக்கு 2.5 சதவீதம், 50 பல்லுக்கு 2 சதவீதம். நுணுக்கமாகச் சரிசெய்ய அதுதான் வழி. மோட்டோகிராஸ்காரர்கள் தடத்துக்குத் தடம் பின்னால் ஒரு பல் மாற்றுவது இதற்காகத்தான்.

முன்னால் இரண்டு பல் குறைப்பது வேறு கதை. முன் ஸ்பிராக்கெட் சிறிதாக ஆக செயின் ஒவ்வொரு கண்ணியிலும் அதிகமாக மடங்க வேண்டியிருக்கிறது. தேய்மானம் கூடும், ஓட்டமும் வழுவழுப்பாக இருக்காது. அதோடு, பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மின் மேல் இருக்கும் ரப்பர் காவலைச் செயின் உராய ஆரம்பிக்கும். அந்த ரப்பர் அறுந்தால் செயின் நேராக ஸ்விங் ஆர்மையே அறுக்கும். டி.ஆர்.இசட். வண்டியில் 13 பல் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. அவர்கள் அந்த ரப்பரை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும். 15 சதவீதம் இழுவை வேண்டும் என்றால் முன்னால் ஒன்று குறைத்து, பின்னால் மூன்று கூட்டுவது செயினுக்கு நல்லது.

பெரிய ஸ்பிராக்கெட் ஜோடி எப்போதும் செயினுக்கு இதம். 13/50 என்பதும் 14/54 என்பதும் ஏறத்தாழ ஒரே விகிதம்தான். 14/54 போட்டால் செயின் நிதானமாக மடங்கும், நீண்ட நாள் வரும். ஆனால் பின்னால் 54 பல் என்றால் ஸ்பிராக்கெட் பெரிது, பாறையில் இடிபடும், செயின் வழிகாட்டியில் உரசும். கல்லில் ஓட்டுபவருக்கு அது ஆகாது, மணலில் ஓட்டுபவருக்கு ஆகும்.

5. ஆக்ஸில் எங்கே போய் நிற்கும்?

பல் மாறினால் பின் சக்கரத்தின் இடமும், அதன் அச்சான ஆக்ஸிலின் இடமும் மாறும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை, மாட்டும்போதுதான் தெரியும்.

520 செயினில் முன்னாலோ பின்னாலோ ஒரு பல் கூடினால் ஆக்ஸில் சுமார் 4 மி.மீ. முன்னோக்கி வரும், ஒரு பல் குறைந்தால் அதே அளவு பின்னோக்கிப் போகும். 428 செயினில் இது சுமார் 3 மி.மீ. உங்கள் ஸ்விங் ஆர்மில் ஆக்ஸில் நகரும் நீளமான துளையை அளந்து, இப்போது ஆக்ஸில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பின்னால் மூன்று பல் கூட்டினால் 520 செயினில் 12 மி.மீ. முன்னே வர வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் இரண்டு கண்ணி அதிகமுள்ள செயின் வாங்க வேண்டும். உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருவதால் செயினின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும். 111 கண்ணி என்று கேட்டால் கிடைக்காது, 110 அல்லது 112.

முன்னால் ஒன்று குறைத்துப் பின்னால் ஒன்று கூட்டினால் ஆக்ஸில் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும், பழைய நீளச் செயினே போதும்.

ஆக்ஸில் முன்னே வந்தால் வண்டி சட்டென்று திரும்பும், மேட்டில் முன் சக்கரம் எளிதில் தூக்கும். பின்னே போனால் நேர்கோட்டில் நிதானமாகப் போகும். மேடு ஏறும்போது முன் சக்கரம் தூக்குகிறது என்று பயப்படுபவர்கள் ஆக்ஸிலைப் பின்னால் நிறுத்தும் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

6. எதையெல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும்?

பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறத்தில், ஆக்ஸிலுக்கு நேராகச் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். செயின் எழும்பி பல்லின் பாதி உயரம் தெரிந்தால் அது முடிந்துவிட்டது. பல் கொக்கி போல் ஒரு பக்கம் வளைந்திருந்தால் ஸ்பிராக்கெட்டும் முடிந்தது.

அளந்து பார்க்க விரும்பினால், செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களுக்கு இடையே, அதாவது 20 கண்ணி நீளத்தை அளங்கள். புதிய 520 செயினில் இது 317.5 மி.மீ. சுசுகி தன் 520 செயின்களுக்குத் தரும் கடைசி அளவு 319.4 மி.மீ. புதிய 428 செயினில் 20 கண்ணி 254 மி.மீ. வரும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் கடைசி அளவே இறுதி.

தேய்ந்த செயினில் புதிய ஸ்பிராக்கெட் போட்டால் அந்தச் செயின் புதிய பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதிய செயின் போட்டாலும் அதே கதிதான். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். சோதனைக்காக முன் ஸ்பிராக்கெட்டை மட்டும் மாற்றுவது, செயின் நல்ல நிலையில் இருக்கும்போது மட்டும்.

7. செயின் எண்ணும் உலோகமும்

428, 520 என்ற எண்களில் முதல் இலக்கம் பின்னுக்கும் பின்னுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் குறிக்கும். 4 என்றால் 12.7 மி.மீ., 5 என்றால் 15.875 மி.மீ. கடைசி இரண்டு இலக்கம் உள் அகலம். 428 செயின் 520 ஸ்பிராக்கெட்டில் உட்காராது. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் மூன்றையும் மாற்ற வேண்டும். 200 சிசி வண்டிக்கு அது தேவையே இல்லை.

ஓ-ரிங், எக்ஸ்-ரிங் செயின்களில் பின்னுக்குள் கிரீஸ் அடைத்து ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். சாலையும் மண்ணும் கலந்து ஓடுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். விலை கூட, ஆனால் சாதாரணச் செயினைவிடப் பல மடங்கு உழைக்கும்.

முன் ஸ்பிராக்கெட் எப்போதும் எஃகுதான். பின்னால்தான் தேர்வு இருக்கிறது. அலுமினியம் லேசானது, பந்தயத்துக்கு நல்லது, ஆனால் சேற்றிலும் மணலிலும் வேகமாகத் தேயும். எஃகு கனம், நீண்ட நாள் வரும். நடுப்பகுதி அலுமினியமும் பல் வளையம் எஃகுமாகச் சேர்த்துச் செய்தவையும் உண்டு, விலைதான் அதிகம். தினமும் ஓட்டும் வண்டிக்கு எஃகு போதும். நம்மூர் ஆட்களுக்கு ஒரு வசதி: ரோலான் செயின் செய்யும் எல்.ஜி.பி. கோயம்புத்தூர் நிறுவனம், டைமண்ட் செயின் செய்யும் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் சென்னை நிறுவனம். கம்பெனி எண்ணிலேயே மாற்றுபவர்களுக்கு வெளிநாட்டுப் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

லேத் பட்டறையில் பல் வெட்டித் தருவார்கள், கிடைக்காத எண்ணுக்கு அது ஒரு வழி. ஆனால் வெட்டிய பிறகு பல்லைச் சூடேற்றிக் கடினப்படுத்தினார்களா என்று கேளுங்கள். கடினப்படுத்தாத பல் கொஞ்ச நாளில் கொக்கியாகிவிடும், கூடவே நல்ல செயினையும் கெடுக்கும்.

8. பொருந்துமா என்று பார்க்க ஐந்து அளவுகள்

பல் எண்ணும் செயின் எண்ணும் சரியாக இருந்தும் மாட்ட முடியாமல் போவதுண்டு. பின் ஸ்பிராக்கெட்டுக்கு நடுத் துளையின் விட்டம், போல்ட் எத்தனை, எதிரெதிர் போல்ட் துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஆகிய மூன்றும் சரியாக வேண்டும். முன் ஸ்பிராக்கெட்டுக்கு உள்ளே இருக்கும் வரிப்பற்களின் எண்ணிக்கை, ஒரு பக்கம் புடைத்திருக்கும் உயரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புடைப்பு ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் செயின் நேராக ஓடாது.

பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். புதியதை அதன் மேல் வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

9. செலவு, காகிதங்கள், காத்திருக்கும் நாள்

இப்போது நான் கடைகளில் பார்க்கும் விலையைத் தோராயமாகச் சொல்கிறேன், ஊருக்கும் வண்டிக்கும் ஏற்ப மாறும். 200 சிசி வகை வண்டிக்குக் கம்பெனி எண்ணில் முழு செட் 2,000 முதல் 3,500 ரூபாய். முன் ஸ்பிராக்கெட் தனியாக 200 முதல் 500 ரூபாய். வெளிநாட்டு 520 எக்ஸ்-ரிங் செயின் 5,000 ரூபாய்க்கு மேல். வெளிநாட்டு அலுமினியப் பின் ஸ்பிராக்கெட் 4,000க்குக் குறைந்து கிடைப்பது அரிது. மாட்டும் கூலி 300 முதல் 600 ரூபாய்.

கம்பெனி செட் என்றால் அன்றே கிடைக்கும். சென்னையில் ஜி.பி. ரோட்டில் ஒரு காலை நேரம் போதும். வேறு பல் எண் வேண்டுமென்றால் ஆர்டர் போட்டு ஒரு வாரமோ இரண்டு வாரமோ காத்திருக்க நேரும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயின் அறும் வரை காத்திருந்து ஆர்டர் போட்டால் அந்த மாதம் முழுக்க வண்டி நிற்கும். அதனால் தேய்மானம் பாதியில் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள்.

கடைக்குப் போகும்போது ஆர்.சி. நகல் எடுத்துப் போங்கள். மாடல், தயாரித்த மாதம், சேஸிஸ் எண் இருந்தால்தான் சரியான பாக எண்ணைத் தேடித் தர முடியும். தடத்துக்கு மட்டும் என்று விற்கப்படும் வண்டிகளுக்கு ஆர்.சி. இருக்காது. அவர்கள் வண்டி வாங்கிய பில்லையும் சேஸிஸ் எண்ணின் போட்டோவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் நூறு இருநூறு குறைத்துத் தருவார்கள், போலிச் சரக்கு அந்த வழியில்தான் அதிகம் வரும். பெட்டியில் இருக்கும் பாக எண்ணும் ஸ்பிராக்கெட்டில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் கூரியர் நிறுவனம் அடையாளச் சான்று கேட்கும். ஆதார், பான் இரண்டின் நகலையும் முன்பே தயாராக வையுங்கள். அனுப்பாமல் தாமதித்தால் பார்சல் சுங்கத்தில் கிடக்கும். சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியரின் சேவைக் கட்டணம் மூன்றும் சேர்ந்து பொருளின் விலையை நன்றாகவே ஏற்றிவிடும். வரி எவ்வளவு என்று ஆர்டர் போடும் முன்பே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வண்டி வாரண்டியில் இருந்தால் பல் எண்ணை மாற்றும் முன் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பதிலை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது. கழற்றிய பழைய ஸ்பிராக்கெட் நல்ல நிலையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். வாரண்டி வேலைக்கு வண்டியை விடும்போதும், விற்கும்போதும் தேவைப்படும்.

10. மாட்டும் நாள்

முன் ஸ்பிராக்கெட் நட் இறுக்கமாக இருக்கும். செயினைக் கழற்றும் முன், ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, அந்த நட்டைத் தளர்த்திவிடுங்கள். செயினைக் கழற்றிய பிறகு முயன்றால் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். மடக்கிவிட்ட பூட்டு வாஷர் இருந்தால் முதலில் அதை நிமிர்த்த வேண்டும். திரும்ப மாட்டும்போது புதிய வாஷரைப் போடுங்கள். டி.ஆர்.இசட். 400 வண்டியில் இந்த நட் தளர்வது எல்லோரும் அறிந்த குறை. அதில் திரெட் லாக்கர் பசை போடாமல் மாட்டாதீர்கள்.

பின் ஸ்பிராக்கெட் போல்ட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஹப்புக்குள் ரப்பர் உள்ள வண்டியாக இருந்தால் ரப்பரையும் பாருங்கள், ஆடினால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கில் கிளிப் இருந்தால், அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் கல்லோ குச்சியோ பட்டுக் கழன்று போகும். ஓ-ரிங் செயினில் லாக்குக்கான நான்கு சிறு வளையங்களையும் மறக்காமல் போடுங்கள்.

சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்விங் ஆர்ம் சுழலும் போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்ஸில் மையம் வரை இருபுறமும் டேப்பால் அளங்கள்.

அடுத்தது செயின் லூஸ். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். டர்ட் பைக்கின் பின் சஸ்பென்ஷன் நிறைய மேலும் கீழும் போகும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் சுழலும் இடம், ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது "அளவாக" இறுக்கிய செயின், குதித்து இறங்கும்போது கம்பியாக விறைத்துவிடும். விறைத்த செயின் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்கையும் சீலையும் கெடுக்கும், அந்தச் செலவு ஸ்பிராக்கெட் செலவைப்போல் பல மடங்கு. அதனால் சாலை வண்டி மெக்கானிக் கண்ணுக்கு மிக லூஸாகத் தெரியும் அளவுதான் டர்ட் பைக்குக்குச் சரி. கையேட்டில் உள்ள அளவை, கையேடு சொல்லும் நிலையிலேயே, அதாவது ஸ்டாண்டிலா ஆள் உட்கார்ந்தா என்று பார்த்து வையுங்கள். முடிந்தால் ஒருமுறை பெல்ட் போட்டு சஸ்பென்ஷனை அந்த நேர்கோட்டு நிலைக்கு இறக்கிப் பாருங்கள். அங்கேயும் விரலால் தூக்கினால் செயின் கொஞ்சம் அசைய வேண்டும்.

11. முதல் ஓட்டத்துக்கு அப்புறம்

புதிய செயின் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். வீட்டுக்கு வந்ததும் லூஸை மறுபடி அளந்து, பின் ஸ்பிராக்கெட் போல்ட் எல்லாவற்றையும் ரெஞ்சால் ஒருமுறை சோதியுங்கள். அலுமினிய ஸ்பிராக்கெட்டில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் எங்கிருந்து அளவெடுக்கிறது என்று பாருங்கள். முன் சக்கரத்தில் சென்சார் இருந்தால் எந்த மாற்றமும் இல்லை. சி.ஆர்.எஃப். 250எல் மாதிரி கியர்பாக்ஸிலிருந்து அளவெடுக்கும் வண்டியில் 14ஐ 13 ஆக்கினால் மீட்டர் முன்பைவிடச் சுமார் 7.7 சதவீதம் அதிகமாகக் காட்டும். ஓடிய கிலோமீட்டரும் அதே கணக்கில் கூடிக்கொண்டே போகும். ஆயில் மாற்றும் தூரத்தைக் கணக்கிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஓ-ரிங் செயினைப் பெட்ரோலால் கழுவாதீர்கள், கம்பி பிரஷும் வேண்டாம், வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடிக்காதீர்கள், ரப்பர் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ போட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

சாலையில் தூரப் பயணம், அங்கே போய் மண்ணில் ஓட்டம் என்று இரண்டும் செய்பவர்கள் முன்னால் இரண்டு எண்களை வைத்துக்கொள்ளலாம். சாலைக்கு 15, மண்ணுக்கு 14. ஆக்ஸில் துளையில் 4 மி.மீ. இடம் இருந்தால் ஒரே செயினில் இரண்டும் ஓடும், இடத்திலேயே அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பையில் முன் நட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் சரியான ஸ்பானர், ஒரு பூட்டு வாஷர், உங்கள் செயின் எண்ணுக்கே உரிய உபரி செயின் லாக் ஒன்று ஆகியவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பிராக்கெட்டையும் மாற்றி மாற்றி ஒரே அளவுக்கு ஓட்டுங்கள். ஒன்று தேய்ந்து மற்றது புதிதாகக் கிடந்தால், அந்தப் புதியதைத் தேய்ந்த செயினில் மாட்ட நேரும்.